வினாவுக்குள் வினாவும் தொலைந்த பூச்சியமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாணவர் மூவர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இம்மேடையில் பேசுவோர் சமய உண்மைகளையோ இலக்கிய நயங்களையோ எடுத்துரைப்பது வழக்கம். நாங்கள் ஒரு கணினி வழுவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் காரியதரிசி அவர்கள் சற்றே தயங்கினார்கள். "அது பெரியவர்களுக்கு விளங்குமா, தம்பி?" என்று கேட்டார்கள். செக்ரோல் புத்தகத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்காமற் போகாது என்று விடை சொன்னோம். அந்தத் துணிவிலேதான் இப்போது உங்கள் முன் நிற்கிறோம்.

நமது சங்கம் நடத்தும் மாலை வகுப்பை நீங்கள் யாவரும் அறிவீர்கள். சென்ற ஆண்டு அதன் இடாப்புகளைக் கணினியில் ஏற்றும் பணி எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. நாங்கள் மூவரும் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் பயில்பவர்கள்; இந்த மலைகளிலே பிறந்து, மிஷன் பாடசாலையிலே படித்து வளர்ந்தவர்கள். விடுமுறையில் வந்து இரண்டு இடாப்புகளைத் தரவுத்தளத்தில் எழுதினோம். ஒன்று பெயர் இடாப்பு: வகுப்பிற் சேர்ந்த 186 பிள்ளைகளின் இலக்கம், பெயர், எந்த டிவிசன், எந்த லயம் என்னும் விபரங்கள். மற்றது வரவு இடாப்பு: ஒரு பிள்ளை ஒரு நாள் வந்தால் அதற்கு ஒரு வரி. வராத நாளுக்கு வரி இல்லை. இதனை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

மூன்று நாளுக்குக் குறைவாக வந்த பிள்ளைகள் யார் எனக் கண்டு, அவர்கள் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்டுவர வேண்டும் என்பது சங்கத்தின் விருப்பம். இதைக் கணினியிடம் எப்படிக் கேட்பது? தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்பதுபோலத்தான். "பெயர் இடாப்பைத் திறவுங்கள். முதற் பிள்ளையை எடுங்கள். அந்தப் பிள்ளைக்கு வரவு இடாப்பிலே எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணுங்கள். மூன்றுக்குக் குறைவானால் பெயரைக் குறியுங்கள். பிறகு அடுத்த பிள்ளை." இங்கே வெளியே ஒரு வினாவும் அதன் வயிற்றுக்குள் இன்னொரு வினாவும் இருப்பதைக் காண்கிறீர்கள். வெளிவினா பிள்ளைகளைப் பற்றியது. உள்வினா ஒவ்வொரு பிள்ளைக்கும் வரவை எண்ணுவது. 1974 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட வினவல் மொழியிலிருந்து பிறந்ததே இன்று உலகெங்கும் வழங்கும் எஸ்.கியூ.எல். வினாவுக்குள் வினா வைக்கும் வசதி அதன் பிறப்பிலேயே அமைந்தது.

நாங்கள் கேட்டோம். கண்ணிமைக்கும் பொழுதில் 9 பெயர்கள் வந்தன. பட்டியலை அச்சிட்டுக்கொண்டு, மழைக்குக் குடை பிடித்தபடி லயம் லயமாக ஏறி இறங்கினோம். மேல் டிவிசனில் ஒரு வீட்டில் விசாரித்துவிட்டுத் திரும்புகையில், அடுத்த காம்பரா வாசலில் நின்ற ஒரு தாய் கேட்டார்: "எல்லாப் புள்ளைங்களையும் தேடி வர்றீங்க, எம் புள்ளைய மட்டும் ஏன் தம்பி தேடி வரல? அது ஒருநாள்கூட வரலியே."

பட்டியலைப் பார்த்தோம். அந்தப் பெண்பிள்ளையின் பெயர் அதில் இல்லை. ஒருநாள்கூட வராத பிள்ளையல்லவா பட்டியலின் முதலில் நிற்க வேண்டும்? அந்த அம்மாவுக்குச் சொல்ல எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. "பிழை நடந்துவிட்டது அம்மா, பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று இரவு எங்களுக்குள்ளே ஒரு சிறு சண்டை. பெயரைப் பதிந்தவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். வினாவை எழுதியவர் மேல் மற்றவருக்குச் சந்தேகம். பெயர் இடாப்பைப் புரட்டினால் அவள் பெயர் ஒழுங்காகவே இருந்தது. அப்படியானால் வேறொரு வழியிற் கேட்டுப் பார்ப்போம் என்று எண்ணி, "வரவு இடாப்பிலுள்ள இலக்கங்களுள் சேராத இலக்கமுடைய பிள்ளைகள் யார்?" என்று கேட்டோம். இதுவும் வினாவுக்குள் வினாதான். விடை என்ன தெரியுமா? எவருமில்லை! ஒரு பெயரும் வரவில்லை. முன்னைய விடையிலே ஐயம் இருந்தது; இப்போது திகைப்பே உண்டாயிற்று.

இளரத்தம் சும்மா இருக்குமா? அன்றிரவே அந்தத் தரவுத்தளத்தை ஆக்குவோருக்கு நீண்டதொரு கடிதம் எழுதினோம். (அதன் பெயர் இங்கு வேண்டாம், இலவசமாகக் கொடுத்து, குறை சொன்னால் கேட்டுக்கொள்ளும் நல்லோரின் ஆக்கம் அது.) மிஷன் பாடசாலையில் உத்தியோகக் கடிதம் எழுதப் பழக்கிய முறை எங்களைவிட்டுப் போகவில்லை. தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில் என்று தொடங்கி, சங்கத்தின் வரலாறு, மாலை வகுப்பின் நோக்கம், மழை, லயம், அந்தத் தாயின் சொல் யாவற்றையும் எழுதி, உங்கள் தரவுத்தளம் உள்வினாக்களைப் பிழையாகக் கையாளுகிறது என்று முடித்தோம். கட்டளைகளை இணைக்கவில்லை. எந்தப் பதிப்பு என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் வந்த பதில் மூன்றே வரிகள். பதிப்பு எது? இடாப்புகளை ஆக்கிய கட்டளைகள் எவை? இரண்டாம் வினாவைப் பொறுத்தவரை, வரவு இடாப்பில் இலக்கமில்லாத வரி ஏதும் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது வழுவன்று.

பார்த்தோம், இருந்தது! பெயர் பதியாத ஒரு பிள்ளை ஒருநாள் வந்திருக்கிறது. அன்று கடமையில் நின்ற தொண்டர் இலக்கத்தை வெறுமையாக விட்டு வரியை எழுதியிருக்கிறார். அந்த ஒரு வெற்றிடம் எல்லாப் பிள்ளைகளையும் விழுங்கிவிட்டது. எப்படியென்று சொல்லுகிறோம்.

எஸ்.கியூ.எல். மொழியிலே வெற்றிடம் என்பது பூச்சியம் அன்று, 'தெரியாது' என்பதாகும். 'ஆம்', 'இல்லை', 'தெரியாது' என மூவகை விடைகள் அங்குண்டு. பெரியோர்களே, இந்த மூன்றாவது விடையை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 300,000 பேர் இலங்கைக்கு என்றும் வகுத்துவிட்டு, 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். 1974 இல் அவர்களை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கும்வரை, அவர்களைப் பற்றி "இந்தியப் பட்டியலில் உள்ளவரா?" என்று கேட்டாலும் "தெரியாது", "இல்லாதவரா?" என்று கேட்டாலும் "தெரியாது" என்பதே விடை. வெற்றிடத்தின் இலக்கணம் அதுவே. ஒரு பிள்ளையின் இலக்கம் அந்த வெற்றிடத்துக்குச் சமமா என்று கணினி கேட்கிறது, தெரியாது. ஆகவே அந்தப் பிள்ளை வரவு இடாப்பிற் சேராதது என்று உறுதி கூற இயலாது. உறுதி கூற இயலாத பெயரை அது பட்டியலிற் போடாது. இது மொழியின் விதி. ஆக்கியோரின் தவறு அன்று.

நன்னூல் படித்தவர்கள் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் அறிவார்கள். பெண்குழந்தையைத் தாய் "வாடா ராசா" என்று கொஞ்சுவது பார்வைக்குப் பிழைபோலத் தோன்றும். காரணம் பற்றி இலக்கணம் அதனை ஏற்றுக்கொள்ளும். வழுவமைதியை வழுவென்று முறையிட்டால் வெட்கப்பட வேண்டியதுதான். நாங்கள் வெட்கப்பட்டோம். இலக்கணம் கற்பித்த எமது ஆசிரியர் அருகிலிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஆனால் முதல் வினாவின் கதை அதுவன்று. வெற்று வரியை நீக்கிய பின்பும் பெயர்கள் 9 தான். இம்முறை நிதானமாக நடந்தோம். 186 பிள்ளைகளுடன் தொடங்கி, பாதிப் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு முறையும் பிழை இன்னும் நிற்கிறதா என்று பார்த்தோம். இரண்டு மாலைப் பொழுதுகள் இதற்கே போயின. ஈற்றில் மிஞ்சியவை 7 வரிகள். பெயர் இடாப்பில் 1, 2, 3 என மூன்று பிள்ளைகள். பெயர்கள் வேண்டியதில்லை, வேற்று நாட்டாருக்கு நமது பிள்ளைகளின் பெயரும் லயமும் எதற்கு? வரவு இடாப்பில் நான்கு வரிகள்: முதற்பிள்ளை மூன்று நாள் வந்தது, இரண்டாம் பிள்ளை ஒருநாள் வந்தது, மூன்றாம் பிள்ளை வரவே இல்லை. மூன்றுக்குக் குறைவாக வந்தோர் யார் என்றால், 2 உம் 3 உம் என்று சிறுபிள்ளையும் சொல்லும். கணினியோ 2 என்று மாத்திரம் சொல்லிற்று.

தான் எந்த வழியால் விடை தேடப் போகிறது என்பதைத் தரவுத்தளமே எடுத்துரைக்கும் ஒரு கட்டளை உண்டு. அதனை ஏவிப் பார்த்தபோதுதான் களவு வெளிப்பட்டது. நாங்கள் சொல்லிய வழியே அது போகவில்லை. வினாவைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதியிருந்தது.

ஏன் மாற்றுகிறது? இங்கே செக்ரோலுக்கு வருவோம். 800 தொழிலாளர் உள்ள தோட்டத்தில், மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால், செக்ரோலில் 20,000 பேர் விழும். ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் என்று அறிய, முழுப் புத்தகத்தையும் 800 தடவை புரட்டினால் 1 கோடியே 60 இலட்சம் வரிகளை வாசிக்க வேண்டும். எந்தக் கணக்கப்பிள்ளை அப்படிச் செய்வார்? புத்தகத்தை ஒருமுறை மாத்திரம் புரட்டி, ஆளுக்கு இத்தனை என்று ஒரு துண்டுத் தாளில் தொகையைக் குறித்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலோடு அந்தத் தாளை ஒப்பிடுவார். 20,000 வரிகளோடு வேலை முடிந்தது. கணினியும் அதையே செய்கிறது, கெட்டித்தனந்தான். ஆனால் பிரசவ விடுமுறையில் இருக்கும் ஒரு பெண் அந்த மாதம் ஒரு பேரும் போடவில்லை. செக்ரோலில் அவளுக்கு வரியில்லை. வரியில்லாததால் துண்டுத் தாளில் அவள் பெயரே இல்லை. பூச்சியம் என்றுகூட இல்லை. தாளில் இருப்பவர்களை மாத்திரம் ஒப்பிட்டால் அவள் அப்படியே மறைந்து போகிறாள். அனுபவமுள்ள கணக்கப்பிள்ளை பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தாளில் இல்லாதவருக்குப் பூச்சியம் இட்டுக்கொள்வார். நமது தரவுத்தளம் அதைச் செய்ய மறந்தது.

இந்த மறதிக்கு ஒரு வரலாறு உண்டென்று பின்னர்தான் அறிந்தோம். 1982 ஆம் ஆண்டில் வொன் கிம் என்னும் அறிஞர், வினாவுக்குள் வினாவை வேகமாகத் தீர்ப்பதற்கு இத்தகைய மாற்றங்களை வகுத்து ஆய்வுக் கட்டுரையொன்று வெளியிட்டார். துறையினர் பாராட்டிய கட்டுரை அது. இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1984 இல், வெர்னர் கீஸ்லிங் என்பவர் அதிலே ஒரு குறை கண்டார். கையிருப்பும் பூச்சியம், வந்த சரக்கும் பூச்சியம் ஆகிய பொருள்கள், இரண்டும் சமமாக இருந்தும், மாற்றிய வினாவில் விடுபட்டுப் போகின்றன என்று காட்டினார். 1987 இல் கான்ஸ்கி, வொங் என்னும் இருவர் திருத்தம் கூறினர்: துணை கிடைக்காத வரியையும் கைவிடாமற் காக்கும் வெளிப்புற இணைப்பைக் கையாள வேண்டும் என்பது. நாம் சொன்ன அனுபவமுள்ள கணக்கப்பிள்ளை செய்வதும் அதுவே. அதே ஆண்டில் உமேஷ்வர் தயாளும், 1992 இல் முரளிகிருஷ்ணாவும் இத்துறையை மேலும் வளர்த்தனர். 'கவுண்ட் பக்', அதாவது எண்ணிக்கை வழு, என்னும் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. இத்தனை தெரிந்த பின்னும், 2016 இல் ஸ்பார்க் என்னும் பெருந்தரவு இயந்திரத்திலே இதே வழு கண்டு திருத்தப்பட்டது. பேராசிரியர்களும் பெரிய பொறியியலாளர்களும் வழுக்கிய இடத்தில்தான் நாங்களும் போய் முட்டினோம் என்பதில் எங்களுக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டாயிற்று, ஒளிப்பானேன்?

இதற்கிடையில் எங்களுள் ஒருவர் வேறொரு நியாயம் சொன்னார். வினாவை நாமே வெளிப்புற இணைப்பாக எழுதினால் சரியான விடை வந்துவிடுகிறது. முதற் கடிதத்தில் பட்ட வெட்கம் போதும். இன்னொரு கடிதம் எதற்கு என்பது அவர் வாதம். மற்ற இருவருக்கும் அது நெஞ்சுக்கு ஒவ்வவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடற்கோளின் பின், நமது நாட்டுத் தொண்டர்கள் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினார்கள். காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்வதற்காக. அத்தகைய வேலையிலே "இதுவரை ஒரு லொறி நிவாரணமும் போய்ச் சேராத முகாம் எது?" என்பதல்லவா முதல் வினா? எங்களுடைய வினாவும் அதே சாதிதான். எங்கள் தரவுத்தளத்திடம் யாரோ ஒருவர் அப்படிக் கேட்டால், பூச்சியமான முகாமை அது சொல்லாது. பிழை வந்தது என்று எச்சரிக்கையும் செய்யாது. நின்றுபோன இயந்திரத்தை எவரும் கவனிப்பார். ஒழுங்காக ஓடிக்கொண்டே பொய் சொல்லும் இயந்திரத்தை, வாசலில் நின்று ஒரு தாய் கேட்டாலன்றி யார் கவனிப்பார்? வாதித்தவரும் இதை ஏற்றுக்கொண்டார். இரண்டாம் கடிதத்தைத் தட்டெழுதியவர் அவரேதான்.

அந்தக் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. பதிப்பின் இலக்கம். இடாப்புகளை ஆக்கும் இரண்டு கட்டளைகள். ஏழு வரிகளை இடும் கட்டளைகள். வினா. எதிர்பார்த்த விடை: 2, 3. வந்த விடை: 2. மாற்றியெழுதும் வேலையை நிறுத்தும் விசையைப் போட்டால் 2, 3 என்று சரியாக வருகிறது என்னும் குறிப்பு. அவ்வளவுதான். தாழ்மையுடன் என்ற சொல்லும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. வாசிப்பவர் அப்படியே எடுத்துத் தம் கணினியில் ஒட்டினால் தம் கண்ணாலேயே வழுவைக் காணலாம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. வழு என்று ஒப்புக்கொண்டார்கள். அண்மைய பதிப்பொன்றில் வேகத்துக்காகச் செய்த மாற்றத்தால் நுழைந்தது என்றும் காரணம் கூறினார்கள். அடுத்த பதிப்பிலே திருத்தம் வந்தது. இனிமேல் புதிய பதிப்பு வெளியிடுமுன் அவர்கள் நடத்தும் சோதனைகளுள் எங்கள் ஏழு வரிகளும் ஒன்று. அங்கே எங்கள் பெயர் இல்லை. சங்கத்தின் பெயரும் இல்லை. வழுவின் இலக்கம் மாத்திரம் உண்டு. முதற் கடிதத்தில் சங்க வரலாற்றை அத்தனை விரிவாக எழுதியது வீணாயிற்று என்று தலைவர் அவர்கள் வேடிக்கையாகச் சொன்னார்கள்.

திருத்திய பட்டியலில் 14 பெயர்கள். புதிதாக வந்த ஐந்தும் பூச்சியங்கள். ஐந்தில் நான்கு மேல் டிவிசனைச் சேர்ந்தவை. மறுபடியும் ஏறினோம். முதலிற் சென்றது அந்த அம்மாவின் வீட்டுக்கே. அம்மா கொழுந்து நிறுத்து மடுவத்திலிருந்து வீடு திரும்பும்வரை, பெண்பிள்ளை தன் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் இருட்டிலே அந்தப் படிகளில் இறங்கிவர இயலாது. மற்ற மூன்று வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதை. வரவு இடாப்பிலே இந்தக் காரணத்தை எழுதுவதற்கு இடமே வைத்திருக்கவில்லை. இப்போது மேல் டிவிசன் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில், அங்குள்ள பிள்ளைமடுவத்திலேயே வகுப்பு நடக்கிறது. அந்தப் பிள்ளை தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறாள். அவனுக்கும் ஓர் இலக்கம் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கியிருக்கிறாள்.

அந்த ஏழு வரிகளையும் வினாவையும் மண்டபத்தின் பின்புறத்திலுள்ள கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். கணினி கொண்டுவந்துள்ள தம்பி தங்கையர், தேநீர் வேளையில் வந்து செய்து பார்க்கலாம். செக்ரோல் எழுதிப் பழகிய பெரியவர் இருவரும் அங்கே வந்து துண்டுத் தாளில் கணக்கிட்டுக் காட்டச் சம்மதித்துள்ளார்கள்.